வலப்பக்க ஸ்பீக்கரில் வேறொருவர்

1

அத்தையின் முதலாண்டுத் திவசம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, என் கணவர் குமாரவேல் அத்தையின் அலுமாரியைத் திறந்தார். அத்தை என் அப்பாவின் அக்கா. என் கணவரின் அம்மா. கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் மலைச்சரிவில் நிற்கும் எங்கள் வீட்டில், மழைக்காலத்தில் துணிக்குப் பூஞ்சணம் பிடிக்காத ஒரே இடம் அந்த அலுமாரிதான். சேலைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு, ஒரு கேசட் இருந்தது. அதன்மேல் ஓர் எழுத்தும் இல்லை. அதில் பேசி அனுப்பிய பெரியவர்கள் யாருக்கும் எழுதத் தெரியாது.

அது எந்தக் கேசட் என்பது எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அதன் ஒரு மூலை உருகிச் சுருங்கியிருந்தது. கோத்தகிரியில் எங்கள் வீட்டு அடுப்பு மேட்டில் அம்மா அதை வைத்தபோது உண்டான வடு அது.

கோத்தகிரியில் இதைப் படிக்கும் மூத்தவர்களுக்கு அந்த வழக்கம் நினைவிருக்கலாம். தாயகம் திரும்பியோர் என்று பெயர் வைத்து, இலங்கையின் கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து என் பெற்றோரைத் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அத்தை குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால் அவர்கள் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். கடிதம் எழுதவும் படிக்கவும் இன்னொருவரை நாட வேண்டும். நாடினால் வீட்டு விஷயம் ஊர் விஷயமாகும். ஆகவே பேசி அனுப்பினார்கள். இருந்தது ஒரே கேசட். கப்பலில் போகும் யாராவது அதை மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். அங்கே உள்ளவர்கள், இரவல் ரெக்கார்டரில் அதை ஆசைதீரக் கேட்டுவிட்டு, அதன்மேலேயே தங்கள் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். வந்த குரலை அழித்துத்தான் போகும் குரல் உண்டாயிற்று. அதில் யாரும் துயரம் எதையும் காணவில்லை. காதில் விழுந்தது வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் எண்ணினார்கள்.

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது என் அம்மா மீனாட்சி இறந்தார். புகைப்படம் ஒன்று உண்டு. குரல் நினைவில் இல்லை. நான் இருபது கடந்த பிறகு, யாரையோ கொண்டு அத்தை எழுதுவித்த கடிதம் ஒன்று அப்பாவுக்கு வந்தது. செல்வியாகிய என்னை அத்தையின் மகனுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்பது மீனாட்சியின் கடைசி ஆசை, கேசட்டில் அவளே சொல்லியிருக்கிறாள் என்று அதில் இருந்தது. அப்பா அழுதார். நான் விமானம் ஏறினேன்.

வந்த புதிதில் அந்தக் கேசட்டைக் கேட்க வேண்டும் என்றேன். "அப்புறம் கேக்கலாம்மா. மெசின் கெட்டுக் கெடக்கு" என்றார் அத்தை. அந்த 'அப்புறம்' அவர் உயிரோடிருந்த வரை வரவில்லை.

2

அம்மாவின் ஆசை என்ற அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் என் இங்கத்திய வாழ்வு முழுவதும் நிற்கிறது. கோத்தகிரியில் எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். இங்கே நான் இந்தியாக்காரி. நாற்காலி என்று சொன்னதற்குக் கண்டிக் கடைக்காரர் சிரித்தார். கதிரை என்று சொல்லப் பழகி ஊருக்கு வந்தபோது நீங்கள் சிரித்தீர்கள். குண்டுவெடிப்புக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் என் கடவுச்சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. வதிவிட விசாவைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அதே கேள்விகளுக்கு அதே பதில்கள். ஒருமுறை ஓர் அதிகாரி, ஏன் இந்த நாட்டுக்கு வந்தீர்கள் நோனா என்று சிங்களத்தில் கேட்டார். திருமணம் என்று சொல்ல வேண்டிய இடத்தில், எனக்கிருந்த அரைகுறைச் சிங்களத்தில், அம்மா சொன்னார் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நல்ல பிள்ளை என்றார்.

ஆம், நல்ல பிள்ளை. ஏக்கம் வந்தபோதும், மகள் தர்ஷினி சிநேகிதிகளோடு எனக்குப் பிடிபடாத வேகத்தில் சிங்களம் பேசிச் சிரித்தபோதும், அந்த வாக்கியத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அம்மா விரும்பிய இடத்தில்தான் இருக்கிறேன். அது மெய்தானா என்பதைச் சொல்லக்கூடியது, மூலை உருகிய அந்தக் கேசட் ஒன்றுதான்.

3

எங்கள் வீட்டில் கேசட் போடும் கருவி எதுவும் இல்லை. தர்ஷினி கொழும்பிலிருந்து தொலைபேசியில் சிங்களம் கலந்து சொன்னாள்: "அனே அம்மா, இங்க ஒரு கடை இருக்கு. கேசட்ட குடுத்தா பென் டிரைவ்ல போட்டுத் தருவாங்க. அப்பாவுக்கு இன்னொரு பெட்டி வாங்க இது ஒரு சாட்டு."

அவள் சொன்னதில் பாதி உண்மை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து என் கணவர், பிறர் பாவித்துக் கழித்த ஒலிக்கருவிகளை இணையத்தில் தேடி வாங்குவதையே தவமாகக் கொண்டிருக்கிறார். அம்ப்ளிபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் முன்னறையை ஏற்கெனவே அடைத்திருந்தன. ஆனாலும், என் அம்மாவின் குரலை எனக்கு முன்னால் ஒரு கடைப் பையன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"மலிவு பிளேயர் ஒண்ணு வாங்கிப் போட்டா?" என்று கேட்டேன்.

"பழைய நாடா செல்வி. சாதா மெசின் சப்பித் துப்பிரும். நல்ல டெக் வேணும்" என்றார்.

இந்த இணையச் சந்தைக்கென்று ஒரு மொழி இருக்கிறது. 'நூறு வீதம் வேலை செய்யும்' என்றால் விளக்கு எரியும் என்று பொருள். 'இதுவரை கழற்றவில்லை' என்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது. 'வெளிநாடு செல்வதால் விற்பனைக்கு' என்பதை மட்டும் நான் நம்புவேன். போகிறவர்கள் எதை விட்டுப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த முதல் டெக்கின் உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தாராகியிருந்தது. இரண்டாவதைப் பேராதனைப் பக்கம் ஒருவரிடம் வாங்கினோம். வீட்டுக்கு வந்து சோதனைக்குப் போட்ட பாட்டுக் கேசட்டின் நாடாவை அது நூல் நூலாக வெளியே இழுத்தது. அந்தக் கபில நிற நாடா தரையில் சுருண்டு கிடந்தது. அது அம்மாவாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது விளம்பரம் வத்தேகமயிலிருந்து வந்தது. இருண்ட அறையில் எடுத்த படங்கள். மீட்டர்களின் நீல ஒளி மட்டும் தெரிந்தது. கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த என் கணவர், கைபேசியை என் பக்கம் நீட்டினார். கேசட் போடும் கண்ணாடிக் கதவில் ஓர் உருவம் பிரதிபலித்தது. கதிரையில் அமர்ந்து, இரண்டு கைகளையும் கருவியை நோக்கி நீட்டியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒளி விழுந்து அழிந்திருந்தது.

"படம் எடுத்த ஆளா இருக்கும்" என்றார்.

"படம் எடுக்கிறவருக்கு ஒரு கையாவது வேணுமே" என்றேன்.

4

வத்தேகமச் சந்தையைத் தாண்டி, ஒரு சிறு சந்துக்குள் இருந்தது வீடு. டெக்கை விற்பவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம், துணிக்கடை வைத்திருக்கிறார். நவாஸ் என்று சொல்லிக்கொண்டார்.

"வாங்க சேர், வாங்க. இது வாப்பாட சாமான். அவருக்கு இப்ப காது கேக்கிறல்ல. சும்மா என்னத்துக்கு வீட்டுல வச்சிட்டு ஈக்கணும்?"

வாப்பா அறைக்குள்ளேயே இருந்தார். படத்தில் இருந்தபடியே, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஒரு கதிரையில் அமர்ந்து, பக்கத்துக்கு ஓர் உள்ளங்கையாகப் பெட்டிகளின் மேல் வைத்திருந்தார். காது போன பிறகு அவர் அப்படித்தான் பாட்டுக் கேட்கிறாராம். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். கைகளை எடுக்கவில்லை.

என் கணவர் கொண்டுபோன பாட்டுக் கேசட்டைப் போட்டார். முழுப் பக்கமும் ஓடியது. மறுபக்கமும் ஓடியது. நாடா கசங்கவில்லை, இழுபடவில்லை. "இது பரவால்ல" என்று அவர் என் காதோடு சொன்னார். அவர் அப்படிச் சொல்வது வேறொருவர் துள்ளிக் குதிப்பதற்குச் சமம்.

நான் அதுவரை கைப்பைக்குள் பிடித்துக்கொண்டிருந்த கேசட்டை வெளியே எடுத்தேன். வீட்டுக்குப் போகும் வரை பொறுத்திருக்கலாம். பொறுமை எனக்கு வரும், அன்று வரவில்லை.

முதலில் மழை இரைவது போன்ற ஒலி. பிறகு ஒரு பெண் குரல்: "மீனா... நான் மதினி பேசுறேன்."

அம்மா இல்லை. அத்தை. இளமையான, பெருங்குரலுள்ள அத்தை. என் அம்மாவுக்குச் சொல்லும் பதில். அம்மா சொன்னதை எல்லாம் அழித்துவிட்டு அதன்மேல் பேசிய பதில். கண்ணுக்கு முன்னால் ஒரு கதவு மெல்லச் சாத்தப்படுவது போலிருந்தது. நிறுத்துங்கள் என்று நான் கையைக் காட்டினேன். என் கணவரின் விரல் பொத்தானுக்குப் போவதற்குள் அந்த முதியவர் தலையை நிமிர்த்தினார். இடக்கையை எடுத்தார். வலப்பக்கப் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"இதுல வேற ஆள்" என்றார்.

நவாஸ் சங்கடத்தோடு சிரித்தார். "வாப்பா அப்படித்தான் என்னமாச்சும் சொல்லுவாரு. நீங்க கொண்டு போங்க சேர். ஒரு கிழமை வச்சுப் பாருங்க, சரியில்லாட்டி கொண்டு வாங்க."

முதியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொம்புள ஆள்" என்றார், இன்னும் தணிந்த குரலில்.

5

மறுநாள் பகலிலேயே மூடுபனி இறங்கி, ஜன்னல்களுக்கு வெளியே ஒன்றும் இல்லாமலாயிற்று. முன்னறையில் அத்தையின் படத்துக்குத் திவசத்தன்று போட்ட மாலை வாடித் தொங்கியது. அதற்கு நேர் கீழே டெக்கை வைத்து இணைத்தார் என் கணவர்.

"எங்கம்மா குரலத்தான் கேக்கப் போறோம்னு தெரிஞ்சுபோச்சு. ஒனக்கு வேணாம்னா விட்ருவோம்" என்றார்.

"போடுங்க. பதில் இருந்தா கேள்வியும் கொஞ்சம் தெரியும்" என்றேன்.

தான் இறந்த வீட்டில் அத்தை பேசத் தொடங்கினார். என்னைவிட எவ்வளவோ இளைய அத்தை. கோழி அடைகாப்பதைச் சொன்னார். குமார் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பதைச் சொன்னார். என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டார். "மீனா, இத நீ கேக்கிறப்ப அங்க மழ விட்டுருக்கும். ஒனக்கு இருமலும் விட்டுருக்கும்" என்றார்.

என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "இத பேசி முடிச்சிட்டு, கப்பலுக்குப் போற ஆளத் தேடிக்கிட்டு இருந்தாங்க செல்வி. அப்பதான் தந்தி வந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு."

ஆக, இல்லாத ஒருத்தியிடம்தான் அத்தை இத்தனை உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த உற்சாகம் அறையில் குளிராகப் பரவியது.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். வலப்பக்க ஸ்பீக்கரில், அத்தையின் குரலுக்கு அடியில், இன்னொரு முணுமுணுப்பு இருந்தது. அத்தை மூச்சு விடும் இடங்களில் அது சற்று மேலெழுந்தது. அவர் பேசும்போது அமிழ்ந்தது. பக்கத்து அறையில் யாரோ சுவரோடு வாயை வைத்துப் பேசுவது போல.

"டெக்ல பழுது. அடுத்த பக்கத்துச் சத்தம் இதுல ஒழுகுது. கொண்டு போய்க் குடுத்துருவோம்" என்று என் கணவர் எழுந்தார். உறுதிப்படுத்திக்கொள்ளப் பாட்டுக் கேசட்டைப் போட்டார். வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரு முணுமுணுப்பும் இல்லை. மறுபடி எங்கள் கேசட்டைப் போட்டார். முணுமுணுப்பு தன் இடத்திலேயே இருந்தது.

அவர் குனிந்து, ஓடும் நாடாவை உற்றுப் பார்த்தார். பிறகு, வங்கியில் வாடிக்கையாளருக்கு விளக்கும் அதே குரலில் சொன்னார்: "பழைய ரெக்கார்டர்ல அழிக்கிற ஹெட் கொஞ்சம் விலகி இருந்திருக்கும். நாடாவோட ஓரத்தில நூல் அளவுக்கு அழியாம நின்னிருக்கு. அதத்தான் இது பிடிக்குது."

"எது நின்னிருக்கு?"

"முன்னாடி பேசினது" என்றார். அம்மா என்ற சொல்லை அவர் தவிர்த்தார்.

ஒலியை முழுவதும் வலப்பக்கம் திருப்பி, பெட்டியோடு காதை வைத்துக் கேட்டேன். இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேட்டு முடிப்பதற்கு முன்பே மற்றவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அடியில் இருந்தவளின் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும் தெரிந்தது. நடுவே அவள் இருமினாள். அந்த இருமல் மட்டும் எந்தக் குறையுமின்றித் தெளிவாகக் கேட்டது.

மேலே அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்: "குட்டி வரமாட்டேங்கிறாளாமே, வாய்க்காரி! சரி, வரவேணாம். நீ சொன்னபடியே செய்வோம். வளரட்டும். ஒரு வார்த்த அவளக் கேக்காம நான் எதுவும் செய்யமாட்டேன். இது சத்தியம் மீனா. நீ ஒடம்பப் பாத்துக்க. வச்சிர்றேன்."

டக்கென்று ஓர் ஒலி. அத்தை நிறுத்திவிட்டார்.

என் கணவர் டெக்கை நிறுத்தக் கை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தையின் பதில், அம்மாவின் பேச்சைவிட நீளம் குறைவாக இருந்திருக்கிறது. அவர் நிறுத்திய இடத்துக்கு அப்பால் அழிப்பதற்கு யாரும் வரவில்லை.

இரண்டு ஸ்பீக்கர்களிலும், முழு அளவில், அறையின் நடுவில் நின்று பேசுவது போல, ஒரு பெண் பேசினாள். தர்ஷினி எப்போது வந்தாள் என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். என் மகளின் குரலேதான். அதே கீச்சு, சொல்லின் கடைசியை இழுக்கும் அதே இழுப்பு. தமிழில் நாலு வாக்கியம் சேர்த்துப் பேசச் சலித்துக்கொள்ளும் என் மகளின் தொண்டையில் இத்தனை காலம் அம்மா இருந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

"...ஏட்டி, இங்க வா. அத்தைகிட்ட நீயே சொல்லு. இதுக்கிட்ட வாய வச்சு."

ஒரு சிறுமியின் குரல், மிக அருகில்: "அத்தை, நான் அங்கல்லாம் வரமாட்டேன். கப்பல்ல வாந்தி வரும்."

அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமி முடிக்கும் வரை நாடா காத்துக்கொண்டிருந்தது; நாங்களும் காத்துக்கொண்டிருந்தோம்.

"கேட்டீங்களா மதினி. உங்க மகனுக்குக் கேக்கிறீங்க, சந்தோசம்தான். ஆனா பெரியவளானதும் ஒருக்கா அவளக் கேளுங்க. நான் இருந்தாலும் இல்லாட்டியும் அவளக் கேளுங்க. அவ சரின்னா சரி. எனக்குன்னு ஒரு ஆசையும் இல்ல."

பிறகு மழை இரைவது போன்ற ஒலி மட்டும். நாடா முடிந்து, டெக் தானாக நின்றது.

6

யாரும் விளக்கைப் போடவில்லை. மூடுபனி ஜன்னல் கம்பிகள் வரை வந்து நின்றது. அத்தையின் படத்தைப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. தாயில்லாப் பெண் கோத்தகிரி மலையில் தேயிலை பறித்தே தேய்ந்துவிடக் கூடாதென்று அவர் எண்ணியிருப்பார். அப்பா என்னை வெளியே அனுப்பச் சம்மதிக்க வேண்டுமென்றால், இறந்தவளின் வாயில் ஒரு சொல்லை வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது. அன்பினால்தான் செய்தார். அப்படித்தான் செய்தார் என்பதை இன்றும் நம்புகிறேன். ஆனால் நான் தொட்டுத் தொட்டுப் பார்த்த வாக்கியம் இனி அங்கே இல்லை. நான் எதன்மேல் நிற்கிறேன் என்று என் பாதங்களைப் பார்த்தேன்.

"செல்வி" என்றார் என் கணவர். "ஒன்ன யாரும் கேக்கலியா?"

"இல்ல."

"மாமாவும்?"

"அப்பா அழுதார். அவ்வளவுதான்."

"நானும் கேக்கலை" என்றார். "ஒனக்குச் சம்மதம்னு அம்மா சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

பிறகு எழுந்து உள்ளே போனார். முகம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சட்டை மாற்றியிருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். நரைத்த தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

"இப்ப கேக்கிறேன்" என்றார். "இங்க, எங்கூட இருக்க ஒனக்குச் சம்மதமா? இல்ல, ஊருக்குப் போகணுமா? எதுன்னாலும் சொல்லு. போகணும்னா நானே கூட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டு வாரேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அது நின்றது. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர். பதில் என் வாய்க்குள் ஆயத்தமாக இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் கேட்ட முறைக்கு, பழக்கத்தில் வரும் ஒரு பதிலைக் கொடுப்பது மரியாதையாக இராது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"யோசி" என்றார். "அவசரமில்ல."

நான் அடுப்படிக்குப் போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். அங்கிருந்து முன்னறை தெரிந்தது. பெண் பார்க்க வந்தவரைப் போல அவர் கதிரையின் நுனியில் நிமிர்ந்து அமர்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தார். முகத்தில் மெய்யாகவே பயம் இருந்தது. தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதித்த பிறகும், கொஞ்ச நேரம் அவரை அப்படியே காக்க வைத்தேன்.